செம்பிக்கு வந்த பெயர்

ஏரிக்கரையில் ஒரு வயல் எலி இருந்தது. அதன் பெயர் செம்பி. நாக்கில் எச்சில் ஊறாமல் செம்பிக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

ஊறாமல் என்ன செய்யும்? அதன் வளைக்குள் மூன்று அறைகள். மூன்றிலும் தை அறுவடையில் இழுத்து வந்த சீரகச் சம்பாக் கதிர்கள் கூரையை முட்டிக்கொண்டு கிடந்தன. செம்பி தின்றதோ கோரைக் கிழங்கு! காலையில் எழுந்ததும் அறை வாசலில் மூக்கை வைத்து ஆசை தீர மோந்து பார்க்கும். பெருமூச்சு விடும். பிறகு ஈரமண்ணை அள்ளி வாசலை இன்னும் கெட்டியாகப் பூசிவிடும்.

"சிக்கனக்காரி செம்பி! சௌக்கியமா?" என்று மரத்திலிருந்து மைனா கூப்பிடும். அந்தப் பக்கத்தில் சேர்த்து வைக்கிற யாராக இருந்தாலும் அந்த ஒரே பெயர்தான். எறும்பும் சிக்கனக்காரி, செம்பியும் சிக்கனக்காரி. அதைக் கேட்டால் செம்பிக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

மீதிப் பாதி வயிற்றுப் பசி அல்ல. ஏரியின் மறுகரையில் அதன் அக்கா நாச்சி இருந்தாள். இருவரும் ஒரே வளையில் பிறந்தவர்கள். வாலோடு வால் பின்னிக்கொண்டு தூங்கியவர்கள். அக்காவைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம்தான் அந்த மீதிப் பாதி.

சித்திரையில் மைனா சேதி கொண்டுவந்தது. "உங்க அக்கா உன்னைப் பார்க்கணுமாம். நாலு நாள் வந்து இருந்துட்டுப் போகட்டுமான்னு கேக்குறா!"

செம்பி துள்ளிக் குதித்தது. மறு நொடியே, "குட்டிகளும் வருதா?" என்று கேட்டது.

"நாலு குட்டி! விட்டுட்டா வருவா?"

நாச்சியோடு ஐந்து வாய். நாலு நாள். செம்பி பூசி வைத்த அறைகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தது. "இப்ப வெயில் ஜாஸ்தி. குட்டிங்க தாங்காது. ஆடி கழியட்டும்னு சொல்லு" என்றது.

ஆடி கழிந்தது. நாச்சி மறுபடியும் கேட்டனுப்பினாள். "இப்பக் காத்து பலமா இருக்கே! புரட்டாசி போகட்டும்" என்றது செம்பி. சொல்லிவிட்டு அன்று முழுக்க வளை வாசலில் உட்கார்ந்து மறுகரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா வரவில்லையே என்று அழுகையும் வந்தது. வரவேண்டாம் என்று சொன்னது யாராம்?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏழு நாள் விடாத மழை. எட்டாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்தது.

எறும்புகள் சாரி சாரியாக வெளியே வந்தன. தங்கள் புல்லரிசியை எல்லாம் சுமந்து வந்து கரைமேல் பரப்பின. ஒரு குருவி வந்து நாலைந்து மணியைக் கொத்திக்கொண்டு பறந்தது.

"ஐயையோ! திருடு போகுதே!" என்று பதறியது செம்பி.

"போனாப் போகட்டும் அக்கா! உள்ளேயே கிடந்தா ஈரம் ஏறி அத்தனையும் பாழாயிடும். நீயும் உன் நெல்லைக் கொண்டாந்து காயப் போடு!" என்றது ஒரு எறும்பு.

"நெல்லா? என்கிட்ட ஏது நெல்லு?"

"வாசனை இங்க வரைக்கும் அடிக்குதே!"

"அது போன வருஷத்து வாசனை!" என்று சொல்லிவிட்டு வளைக்குள் ஓடிவிட்டது செம்பி. வெளியே பரப்பினால் எவ்வளவு இருக்கிறது என்று ஊர் பார்க்கும். ஊர் பார்த்தால் மைனா பார்க்கும். மைனா பார்த்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். மூன்று வாசல்களுக்கும் இன்னொரு பூச்சு மண் பூசிய பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது.

கார்த்திகையில் ஏரி நிரம்பித் தளும்பியது. ஒரு காலை மைனா அலறிக்கொண்டு வந்தது. "செம்பி! மறுகரை உடைஞ்சு போச்சு! உங்க அக்கா வளை தண்ணியில போயிடுச்சு. குட்டிகளைக் கூட்டிக்கிட்டு இங்கதான் வந்துக்கிட்டு இருக்கா!"

செம்பி துள்ளி எழுந்தது. இந்த முறை அது வாய்களை எண்ணவில்லை. "வரட்டும்! என் அக்கா வரட்டும்! இன்னிக்குச் சம்பாச் சாப்பாடுதான்!" என்று கத்திக்கொண்டு முதல் அறையின் மண்ணைப் பறித்தது.

குப்பென்று புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே நெல் இல்லை. வெள்ளை வெள்ளையாக முளையும் வேரும் பின்னிக் கிடந்தன. அடியில் கறுத்த பூஞ்சணம். இரண்டாவது அறையைத் திறந்தது. அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே!

நாச்சி வந்து சேர்ந்தபோது செம்பி அந்தச் சகதியின் நடுவே உட்கார்ந்திருந்தது. நாலு குட்டிகளும் நனைந்து நடுங்கின. "சித்தி, பசிக்குது" என்றது கடைசிக் குட்டி. வளையில் இருந்தது இரண்டே கோரைக் கிழங்கு.

நாச்சி மூன்று அறைகளையும் பார்த்தாள். "ஏண்டி செம்பி, ஆடி கழிஞ்சதும் நான் கேட்டனுப்பினேனே, அப்ப இது நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு அக்கா."

நாச்சி குட்டிகள் பக்கம் திரும்பினாள். எறும்புகள் கொண்டுவந்து கொடுத்த புல்லரிசியைக் குட்டிகளுக்கு ஊட்டினாள். "மேட்டுக்காட்டுல கடலை விளைஞ்சிருக்காம். குட்டிகளுக்கு இரை கிடைக்கிற இடத்துக்குப் போறேன்" என்று எழுந்துகொண்டாள். நானும் வருகிறேன் என்று சொல்ல செம்பிக்கு ஆசைதான். எந்த முகத்தோடு சொல்லும்? அக்காவும் கூப்பிடவில்லை. ஐந்து வால்களும் கரைத் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றது.

மறுநாள் மைனா எறும்பைக் கூப்பிட்டது. "சிக்கனக்காரி! சௌக்கியமா?"

செம்பி ஆவலோடு தலையை நீட்டியது. மைனா எறும்பையும் செம்பியையும் மாறி மாறிப் பார்த்தது. "உங்க ரெண்டு பேரையும் இனிமே ஒரே பேரால கூப்பிட முடியாது செம்பி. உனக்கு வேற பேருதான் வைக்கணும்" என்றது. அன்றுதான் அந்த ஏரிக்கரையில் 'கஞ்சம்' என்ற சொல் பிறந்தது. அந்தப் பெயர் செம்பிக்குக் கடைசிவரை நிலைத்தது. நாச்சி திரும்பி வரவே இல்லை.

வேண்டிய நேரத்தில் தானும் உண்டு பிறருக்கும் கொடுப்பதற்காகச் சேர்ப்பதே சிக்கனம். யாருக்கும் கொடுக்காமல் தானும் உண்ணாமல் பூட்டி வைப்பது வெறும் கஞ்சத்தனம்.