உப்புக்காரி எயினியும் வாய்ப்பூட்டும்

ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்று தொடங்கும் கதைகள் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். இது ராஜாவை வேண்டாம் என்று விரட்டிவிட்டவர்களின் கதை. ஆகவே இதில் கிரீடம் கிடையாது, சாமரம் கிடையாது, அந்தப்புரமும் கிடையாது. வாய் மட்டும் நிறைய உண்டு. கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால், கடலோரமாகப் பதின்மூன்று ஊர்கள் இருந்தன. கடலுக்கு அப்பால் இருந்த ராஜா ஒருவன் அவற்றை ஆண்டுவந்தான். ஊர்களைக் கேட்காமலே வரி போட்டான். கேட்காமலே படையை அனுப்பினான். ஏன் என்று கேட்டவர்களைத் தூக்கில் போட்டான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர்கள் ஒன்றாகக் கிளம்பி அவன் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பின.

விரட்டும்வரை ஒற்றுமை, விரட்டிய மறுநாளே சண்டை. ஓர் ஊரில் நெல் அளந்த மரக்கால் இன்னோர் ஊரில் செல்லவில்லை. ஓர் ஊரில் கொள்ளையர் இறங்கினால் பக்கத்து ஊர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தது. இப்படியே போனால் பழைய ராஜாவே திரும்பி வந்துவிடுவான் என்ற பயத்தில், ஊருக்கு ஒருவராக உட்காரும் பெருஞ்சபை ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்கு ஒரு தலைவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜனங்கள் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவார்கள். அதிக ஓலை யாருக்கோ, அவருக்கே பதவி.

சபை வந்ததும் கட்சியும் வந்தது. "எல்லா ஊருக்கும் ஒரே கோட்டை, ஒரே படை, ஒரே மரக்கால். தலைவர் கை ஓங்கியிருந்தால்தான் பிழைப்போம்" என்றவர்கள் கோட்டைக்காரர்கள். "படை வேண்டுமானால் ஒன்றாக இருக்கட்டும். எங்கள் ஊர் வாசலின் சாவி எங்கள் இடுப்பில்தான் இருக்கும்" என்றவர்கள் வாசல்காரர்கள். இரண்டிலும் நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்கவில்லை, கை நனைக்கவில்லை, இழவுக்குக்கூடப் போகவில்லை.

இந்த ஊர்களில் கூவிக் கூவி உப்பு விற்றவள் எயினி. மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் வாசல்காரி. அதை எந்தத் தெருவிலும் மறைத்ததில்லை.

அப்போது தலைவராக இருந்தவர் பெருங்கோடன், கோட்டைக்காரர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ராஜாவின் ஆட்களை விரட்டியபோது முன்வரிசையில் நின்றவர். ஆனால் பதவியில் உட்கார்ந்து நாளாக ஆக, தம்மைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது என்றார். 'அலைகடல் அடக்கிய, அறநெறி காத்த, அனைத்தூர்ப் பெருந்தலைவர்' என்றுதான் அழைக்க வேண்டுமாம். எயினி விடுவாளா?

"உப்போ உப்பு! பெருங்கோடன் பட்டத்தைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கூடையில உப்பு கரைஞ்சுபோகும், சீக்கிரம் வாங்க!" என்று தெருத்தெருவாகக் கூவினாள்.

ஊர் சிரித்தது. பெருங்கோடன் சிரிக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கடலில் அந்நியக் கப்பல்கள் தெரிந்தன. ஆபத்து வரும் நேரத்தில் சபையைக் கேலி செய்வது துரோகம் என்று சொல்லி அவர் ஒரு சட்டம் போட்டார். சபையையோ தலைவரையோ பழித்துப் பேசினால் ஓராண்டுச் சிறை. ஜனங்கள் அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததைக்கூடக் காதோடு காதாகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

சட்டம் வந்த அன்றே எயினி அதே கூவலைக் கூவினாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. பிடித்துக்கொண்டு போய்க் கொட்டடியில் போட்டார்கள்.

கொட்டடிக்கு முதலில் வந்தவர் சபையின் அதிகாரி. "தப்பு என்று ஒரு வார்த்தை சொல், இப்போதே வீட்டுக்குப் போகலாம்" என்றார். "பட்டம் நீளந்தானே ஐயா? இதுல நான் என்ன பொய் சொன்னேன்?" என்று அனுப்பிவிட்டாள்.

இரண்டாவதாக வந்தவள் அவள் தங்கை. "அக்கா, பார்க்க ஆளில்லாம நம்ம உப்பளத்துல மழைத்தண்ணி பாஞ்சு எல்லாம் போச்சு. உன் வீம்புக்கு நாங்க பட்டினி கிடக்கணுமா?" என்றாள். எயினி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவதாக வந்தவன் வாசல்காரர்களின் தலைவன் இளநாகன். அவளைவிட இளையவன். "அக்கா, ஓலை போடும் நாள் வரைக்கும் பேசாம இரு. நான் ஜெயிச்சதும் முதல் வேலையா அந்தச் சட்டத்தைக் கிழிச்சுடறேன்."

"கிழி தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். பேசாம இருக்கிறது மட்டும் என்னால ஆகாது" என்றாள். அவன் படியிறங்குவதற்குள் கொட்டடிச் சன்னல் வழியாக அந்தக் கூவல் மறுபடியும் தெருவுக்கு வந்தது.

ஓலை போடும் நாள் வந்தது. பெருங்கோடன் தோற்றார், இளநாகன் ஜெயித்தான். எயினியின் ஊர்க்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். உள்ளே கிடந்தவளையே தங்கள் ஊருக்கான சபை உறுப்பினராக்கிவிட்டார்கள். புதுத் தலைவன் பதவியேற்ற காலையில் கொட்டடிக் கதவு திறந்தது. அழுக்குச் சேலையோடு எயினி நேராகச் சபைக்கு நடந்தாள்.

சட்டம் கிழிபடுவதைப் பார்க்கத்தான் போனாள். அங்கே நடந்தது வேறு. காவலர்கள் ஒருவரைக் கயிற்றால் கட்டி இழுத்து வந்தார்கள். பார்த்தால், பெருங்கோடன். "இளநாகன் ஓர் ஓட்டைப் பானை, எதை ஊற்றினாலும் தங்காது" என்று நாற்சந்தியில் நின்று பேசினாராம்.

"சட்டம் இன்னும் ஒரே ஒரு வருஷம் இருக்கட்டும்" என்றான் இளநாகன். "இவங்க போட்ட பூட்டை இவங்களும் கொஞ்ச நாள் ருசிக்கட்டும். அக்கா, உன்னை உள்ளே தள்ளினவர் இவர். தீர்ப்பை நீயே சொல்லு."

எயினி பெருங்கோடனைப் பார்த்தாள். கரைந்துபோன உப்பு நினைவுக்கு வந்தது, தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அந்த நிமிடம் அவளுக்கு இனித்தது. ஒரு தலையசைப்புப் போதும், பழி தீர்ந்துவிடும். பிறகு இளநாகனைப் பார்த்தாள். தன்னைப் பார்த்து ஊர் சிரித்துவிடுமோ என்கிற பயம் அவன் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. பெருங்கோடனை அந்தச் சட்டம் போடவைத்ததும் அதே பயம்தான்.

அவள் எழுந்தாள். "கிழிக்கிறேன்னு என்கிட்ட சொன்ன சட்டத்தை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. நான் சொல்றேன் தம்பி, நீ ஓட்டைப் பானைதான். கொடுத்த வாக்கு உன்கிட்ட ஒரு நாள்கூடத் தங்கலை."

பிறகு காவலனிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள். "கட்டு."

காவலன் தலைவனைப் பார்த்தான். "அக்கா நம்ம ஆளு, விடு" என்றான் இளநாகன்.

"அப்ப இது சட்டமில்ல. உனக்குப் பிடிக்காதவங்களைக் கட்ட ஒரு கயிறு. நேத்து அவர் கையில இருந்துச்சு, இன்னிக்கு உன் கையில இருக்கு, நாளைக்கு எவன் கையிலயோ. கட்டினா ரெண்டு பேரையும் கட்டு. இல்லேன்னா ரெண்டு பேரையும் விடு."

வாசல்காரர்களே எழுந்து கத்தினார்கள். உட்காரு என்றார்கள். விலை போய்விட்டாள் என்றார்கள். ஒருவன் அவளை ஊரைவிட்டே தள்ளிவைக்க வேண்டும் என்றான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அந்தக் கையைக் கட்ட ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை. அவளைக் கட்டினால் அவளுக்கு ஓலை போட்ட ஊர் சும்மா இருக்காது என்பது இளநாகனுக்குத் தெரியும். கத்திக் கத்திச் சபையும் ஓய்ந்தது. வேறு வழியில்லாமல் அவன், சட்டம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றான். கோட்டைக்காரர்கள் தூக்கினார்கள். வாசல்காரர்களிலும் சிலர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தூக்கினார்கள். ஒரே ஒரு கை கூடுதலாக உயர்ந்து, வாய்ப்பூட்டுச் சட்டம் அன்றோடு ஒழிந்தது.

பெருங்கோடனின் கட்டை அவிழ்த்தார்கள். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தீர்களானால் உங்களுக்கு அவரைத் தெரியவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே எயினியின் பக்கம் திரும்பினார். "உப்பு விற்பவளைச் சபையில் உட்காரவைத்தால் இப்படித்தான் ஆகும். இவளுக்கு ஆளவும் தெரியாது, அடங்கவும் தெரியாது" என்றார்.

காவலர்கள் பாய்ந்தார்கள். எயினி கை காட்டி நிறுத்தினாள்.

"பேசுங்க பெரியவரே, அதுக்குத்தானே அவிழ்க்கச் சொன்னேன். நீங்க முடிச்சதும் நான் பேசுவேன். நீங்களும் உட்கார்ந்து கேட்டுட்டுத்தான் போகணும்."

இந்தக் கதை சொல்லும் நீதி: நமக்குப் பிடிக்காதவர் பேசும் உரிமைக்காக நாம் எழுந்து நிற்காவிட்டால், நாம் பேசும் உரிமையும் நம்மிடம் நிலைக்காது.