மூணாம் பக்கத்துல ஒரு வரி

"சாமி, ஒரு கேள்வி. குடுத்த மாதிரியும் இருக்கணும், நம்ம கையிலயே இருக்கற மாதிரியும் இருக்கணும். அப்படிக் குடுக்க வழி உண்டா?"

கேட்டவர் வேதகிரி. ஹார்பர்ல முப்பத்தஞ்சு வருஷம் கிரேன் ஓட்டினவர். வயசு அறுபத்தொம்போது. சாமிக்கு நாப்பத்தாறுதான். ஆனா அவர்தான் குரு, இவர்தான் சிஷ்யர். சாமி சாமியாரா ஆகறதுக்கு முன்னாடி பத்திரம் எழுதிட்டிருந்தவர். மடமும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதுத்தாப்புலதான். ஆசையை விட்டாரு, ஏரியாவை விடல.

எப்பவும் கேலி பண்ற சாமி அன்னிக்கு சிரிக்கல. மணி பதினொண்ணு. பதினொண்ணரைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன். மறுநாள் காலையில வேதகிரிக்கு நெஞ்சுல ஆபரேஷன். வாசல்ல ஆட்டோ. அதுக்குள்ள மக மங்கை, மாத்திரை டப்பாவும் தண்ணி பாட்டிலுமா.

மங்கை புருஷனை இழந்து, ரெண்டு புள்ளைங்களோட அப்பா வீட்டுக்கு வந்து ஒம்போது வருஷம். அண்ணன் சகாதேவன் முன்கூட்டியே சொல்லிட்டான்: "நைனா இருக்கற வரைக்கும்தான் நீ. அப்புறம் சாவியை வெச்சிட்டு நடையைக் கட்டு." மூக்கைப் புடிச்சிட்டு இதைச் சொல்லிப் பாருங்க, அச்சு அசல் அவன் குரல்தான்.

அதனால வீடு மங்கைக்குன்னு முடிவாச்சு. உயில் வேணாம்னு சாமிதான் சொன்னாரு. அப்பல்லாம் மெட்ராஸுக்குள்ள இருக்கற வீட்டுக்கு உயில் எழுதினா, எழுதினவர் போனப்புறம் ஹைகோர்ட்டுக்குப் போய், இது நெசமான உயில்தான்னு புரோபேட் வாங்கணும். அண்ணன்காரன் ஆட்சேபணை போட்டா வருஷக்கணக்கா இழுக்கும். பக்கத்து வீட்டு டெய்சி பதினோரு வருஷம் நடந்தா. செட்டில்மெண்டுன்னா அந்த நடை இல்ல. உயிரோட இருக்கறப்பவே குடுத்துடறது.

"பத்திரத்தைக் காட்டுங்க."

வேதகிரி மடியில வெச்சு அமுக்கிக்கிட்டாரு. "எல்லாம் சரியா இருக்கு சாமி. நீங்க சொன்ன மாதிரியேதான்."

"சரியா இருக்கறதை எதுக்குய்யா கோழி மாதிரி அடைகாக்கறீங்க?"

வாங்கிப் புரட்டினாரு. மூணாம் பக்கத்துல விரல் நின்னுச்சு. பத்திரம் எழுதறவங்க படிப்பாங்களே, மூச்சு விடாம, அந்தக் குரல்ல படிச்சாரு:

"'மேற்படி சொத்தை என் காலத்துக்குப் பிறகு என் மகள் அடைந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' இது நான் சொல்லலையே?"

"நான்தான் நேத்து சேக்கச் சொன்னேன். ஒரே ஒரு வரிதானே சாமி?"

"மேல செட்டில்மெண்டுன்னு பேர் வெச்சிட்டா ஆச்சா? இந்த வரி இதை உயிலாக்கிடும். கோர்ட்டுல பேரைப் பாக்க மாட்டான், இதைத்தான் பாப்பான். அப்புறம் இப்படித்தான்." கோர்ட்டு டவாலி மாதிரி கையைக் குவிச்சு வாயில வெச்சுக்கிட்டாரு. "மங்கை... மங்கை... மங்கை!"

வாசல்ல ஆட்டோ குலுங்குச்சு. மங்கை எறங்கி எட்டிப் பாத்தா. "என்ன சாமி, கூப்டீங்களா?"

"இன்னும் கூப்பிடலம்மா. நீ உக்காரு."

வேதகிரிக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

"பயமா இருக்கு சாமி. எழுதிக் குடுத்தப்புறம், போய்யா வெளியன்னுட்டா?"

"ஆயுசு முழுக்க நீங்க அங்கயே இருக்கலாம்னு ரெண்டாம் பக்கத்துல இருக்கே."

"இருக்கலாம். சோறு போடணும்னு இருக்கா?"

"இப்ப எந்தப் பத்திரத்தைக் காட்டி சாப்பிடறீங்க?"

ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சான். "நைனா, நேரமாவுது! மாத்திரை போட்டியா?" மங்கை கத்தினா.

வேதகிரி குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "பொழைச்சு வந்தப்புறம் ஒரு நாள் அந்த வரியை எடுத்துடலாமே?"

"வரலேன்னா?"

சாமி சுவத்துக் கடியாரத்தைப் பாத்தாரு. பதினொண்ணே கால்.

"கிரேன்ல பெட்டியை லாரி மேல எறக்குவீங்களே, அப்புறம் என்ன?"

"கீழ இருக்கறவன் கொக்கியைக் கழட்டுவான். கையைக் காட்டுவான்."

"கழட்டலேன்னா?"

"கழட்டலேன்னா அது எறக்கினதே இல்ல சாமி. பெட்டி லாரி மேல குந்தினிருக்கும், ஆனா லாரி நகரக் கூடாது. நகந்துச்சோ, கவுந்..."

வேதகிரி பாதியில நிறுத்தி, மூணாம் பக்கத்தைப் பாத்தாரு.

சாமி பேனா மூடியைக் கழட்டி நீட்டினாரு. "அந்த வரியை அடிச்சிட்டு, பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்து."

எம்மாம் பெரிய இரும்பையெல்லாம் ஒரு குலுக்கல் இல்லாம எறக்கின கை அது. ஒரு கோடு இழுக்க ரெண்டு தடவை பேனாவை மாத்திப் புடிச்சுச்சு. இழுத்தாரு. கையெழுத்துப் போட்டாரு. பேனாவைக் கீழ வெச்சிட்டு உள்ளங்கையையே பாத்துட்டிருந்தாரு.

"இப்ப என் கையில என்னா சாமி இருக்கு?"

மங்கை பொறுக்க மாட்டாம உள்ள வந்துட்டா. ஒரு கையில தண்ணி பாட்டில், இன்னொரு கையில பிரிச்ச மாத்திரை.

சாமி சொன்னாரு: "கையை நீட்டுங்க."