பாதி மீசையோடு ஒரு ராஜா

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பேர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், கனகமாறன் என்றொரு ராஜா இருந்தான். காலையில் புதிதாக ஒரு சட்டம் போடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு அவன் காதில் ஓதியவர் மந்திரி அமரபுயங்கர். “பிரபு, பொருளுக்கு உடையவன் வாடகை நிபந்தனையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஏற்காதவர் பொருளை விட்டு விலக வேண்டும் என்று ஆணையிடுங்கள்.” ராஜா யோசிக்கவே இல்லை. ஓலையில் முத்திரை விழுந்தது.

மந்திரிக்கு வாடகை மேல் என்ன அக்கறை? விகடகவி வெண்காடன் மேல்தான் வயிற்றெரிச்சல். நஷ்டம் வந்தால் தன் பொறுப்பு என்று வெண்காடன் பிணை நின்றதால், சாயக்காரி மாயக்காள் மந்திரியின் வீடொன்றில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் குடியிருந்தாள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மந்திரி நேரே போய் அந்த வீட்டுக் கிணற்றைப் பூட்டினார். “இனி இங்கே தண்ணீர் கிடையாது. இஷ்டமில்லையென்றால் நாளை மாலைக்குள் கிளம்பு!”

மாயக்காள் வெண்காடனிடம் ஓடிவந்தாள். “ஐயா, அவுரிச் சாயம் தாழியில ஊறுது. ஒன்பது நாளைக்கு இடம் மாத்தக் கூடாது, தினமும் தண்ணி ஊத்தணும். ஊரு நெசவாளிங்க நூலெல்லாம் உள்ளே கிடக்கு. கெட்டுப்போனா நான் எங்கே போவேன்?”

ராஜமுத்திரையை எதிர்த்துப் பேசினால் தலை போகும். வெண்காடன் யோசித்துவிட்டு அரண்மனை நாவிதர் வீரணன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் ராஜாவின் பிறந்தநாள். அந்த நாட்டு வழக்கப்படி, ராஜா சபையோர் முன்னிலையில் பழைய மீசையை மழித்துவிட்டுப் பவனி போக வேண்டும். எந்தக் கத்தியில் தொடங்கினார்களோ அதே கத்தியில்தான் முடிக்க வேண்டும். நடுவில் வேறு கத்தி பட்டால் நாட்டுக்கே ஆகாது.

வீரணன் இடப்பக்க மீசையை எடுத்து முடித்தார்.

“நிறுத்துங்கள்!” என்றான் வெண்காடன். “அரசே, அந்தக் கத்தி என்னுடையது. நேற்று விலைக்கு வாங்கி, இன்றைய மழிப்பு முடியும்வரை என்று வீரணருக்கே வாடகைக்கு விட்டேன். இப்போது நிபந்தனையை மாற்றுகிறேன். இனி என் கத்தியால் எவருக்கும் வலப்பக்கம் மழிக்கக் கூடாது.”

“ராஜத்துரோகம்! இவன் தலையைச் சீவுங்கள்!” என்று குதித்தார் மந்திரி. காவலனின் வாள் வெண்காடன் கழுத்தில் வந்து நின்றது.

ராஜா பாதி மீசையோடு எழுந்தான். கண்கள் சிவந்திருந்தன. சபையில் எல்லோருக்கும் சிரிப்பு முட்டியது, சிரிக்கத்தான் தைரியமில்லை. “ஒப்புக்கொண்டதை நடுவில் மாற்றி, என்னை இந்தக் கோலத்தில் நிறுத்த உனக்கு யார் உரிமை கொடுத்தது?”

“தங்கள் முத்திரைதான், பிரபு.” கழுத்தை அசைக்காமல் வெண்காடன் தொடர்ந்தான். “ஏற்பில்லையென்றால் என் கத்தியை விட்டுவிட்டு இப்படியே பவனி போகலாம். மந்திரியார் வீட்டில் குடியிருக்கும் மாயக்காள் கதியும் இதுதான். தாழியில் சாயம் பாதியில் நிற்கிறது. நேற்று வந்த ஆணையைக் காட்டிக் கிணற்றைப் பூட்டிவிட்டார். அவளால் இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.”

ராஜா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். பிறகு மந்திரியைப் பார்த்தான். மெல்ல அந்த ஒற்றை மீசை துடித்தது. அடுத்த கணம் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“வாளை இறக்கு! அந்த ஓலையை நெருப்பில் போடு! ஒப்பந்தக் காலம் முடியும்வரை, இருவரும் சம்மதித்தாலொழிய எந்த நிபந்தனையும் மாறக் கூடாது. இதுதான் இன்றைய சட்டம்.”

தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டான். வெண்காடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலப்பக்கமும் மழிக்க அனுமதி கொடுத்தான்.

“தாழிக்கு இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்டான் ராஜா.

“ஆறு நாள், பிரபு.”

“அமரபுயங்கரே, கிணற்றைத் திறந்து, அந்த ஆறு நாளும் நீரே இறைத்து ஊற்றும். நூலையும் நீரே பிழிந்து கொடும்.”

மாயக்காளின் நூல் நல்ல நீலமாக வந்தது. ஏழாம் நாள் மந்திரி சபைக்கு வந்து கைகூப்பினார். முழங்கை வரை அதே நீலம்.