மியூசியத்து மாதா

மாதா நிற்கிற கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாள், பீங்கான் வைத்த பெட்டிகளில் கறை மூக்கு உயரத்தில் இருக்கும். இதில் மட்டும் மாதா பாதத்துக்கு நேரே உள்ளங்கை அச்சாக இருக்கும்.

லியோ சாமியாரும் மரியசூசை உபதேசியாரும் உள்ளே வந்தார்கள். வயசில் சாமியார் பாதிதான். ஆனாலும் அவரைக் கேட்காமல் உபதேசியார் எதுவும் செய்ய மாட்டார்.

இது முன்னே எங்க ஊர்க் கோயில். கூரை விழுந்தபிறகு அரசாங்கம் எடுத்துக் கட்டி மியூசியம் ஆக்கிவிட்டது. கட்டடம் யாருக்கு என்று வழக்கு இன்னும் நடக்குது. மாதாவையாவது புதுக் கோயிலுக்குக் கொடுங்க என்று உபதேசியார் மனு எழுதியிருந்தார். சாமியார் கையெழுத்துப் போட்டால் கொடுத்துவிடுவார்களாம்.

"போடுங்க சாமி. தாயைக் கூண்டுல அடைச்சு வேடிக்கை காட்டுறானுவ."

சாமியார் என்னைக் கேட்டார். "இங்க யாரும்மா கும்பிட வர்றா?"

"மீன் வித்துட்டுக் கூடையோட வருவாங்க சாமி. வெள்ளிக்கிழமை பர்தா போட்ட ஒரு அக்கா. புருசனை விட்டுட்டு வந்த பொண்ணு ஒண்ணு."

"கோயிலுக்கே வரட்டுமே. நானா கதவைச் சாத்துறேன்?" என்றார் உபதேசியார்.

"இவளைத் தெரியுதா?" என்று சாமியார் என்னைக் காட்டினார்.

"தெரியாம? பீட்டர் மக ஜெசிந்தா. ரிஜிஸ்டர் கல்யாணம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்தா. முதல்ல கல்யாணத்தைக் கோயில்ல சரிபண்ணிட்டு வான்னேன். நீங்க சொல்லிக்கொடுத்த சட்டம்தான் சாமி!"

"ஆமா, நான்தான் சொன்னேன். அப்புறம் வந்தாளா?"

"வரல. ஒரு வருசமாச்சு."

"இங்க தினம் வர்றா."

"கூட்டித் துடைக்க வர்றா. அது வேலை."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாதாவைத் தூக்கிக்கொண்டு போனால், பின்னாலேயே அந்தக் கோயில் வாசலுக்குப் போக எனக்கு முகம் இல்லை.

"சாமி, நேரமாகுது. கையெழுத்து?"

"உபதேசியாரே, கோயில்ல நீங்களும் நானும் இருக்கோம். இங்க மாதா மட்டும்தான் இருக்காங்க."

உபதேசியார் நீட்டின பேனா நீட்டினபடியே இருந்தது.

"ஜெசிந்தா! ஸ்கூல் பிள்ளைங்க வந்துட்டாங்க, வாசல் ஈரமா கிடக்கு!" என்று வாட்ச்மேன் கூப்பிட்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.