ராக்குவுக்கு ஒரு சுலபமான கட்டம்

கோணம்பட்டிக்கு நீங்கள் போயிருந்தாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அங்கே இருந்த மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெரியவர் ஒச்சப்பன், நடுவில் மொக்கைச்சாமி, கடைசி சீனி. மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணு பார்த்துட்டு வாங்கடா" என்று ஒரு தடவை அனுப்பினார்கள். போனார்கள், பார்த்தார்கள், வந்துவிட்டார்கள். எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

இவர்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் ஒருவர் உண்டு. லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருந்த புத்தியையும் லோடோடு சேர்த்து அவரே வடக்கே ஏற்றிப்போய்விட்டார் என்று ஊரில் பேச்சு. அவர் மனைவி செல்லத்தாய் பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பினாள். ஏழு வயது மகள் ராக்குவுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடவில்லை. வேறு வழியில்லாமல் மூன்று கொழுந்தன்மாரையும் கூப்பிட்டாள்.

"தம்பி, பொறக்கப்போற பிள்ளைக்குத் தன் கையால ஒட்டுப்போர்வை தைக்கணும்னு இவ ஒத்தைக்கால்ல நிக்கிறா."

மூவரும் குனிந்து ராக்குவின் காலைப் பார்த்தார்கள்.

"ரெண்டு கால்லயும்தான் நிக்கிறா மதினி" என்றார் ஒச்சப்பன்.

செல்லத்தாய் ஒரு பெருமூச்சு விட்டாள். "அந்த மூட்டையில பழைய துணி கிடக்கு. துண்டு துண்டா வெட்டிச் சேர்த்தா ஒரு கட்டம். கட்டம் கட்டமாச் சேர்த்தா போர்வை. ஊசி பிடிச்சு நேரா ஓட்ட அவளுக்குத் தெரியும். நீங்க சுலபமான கட்டமாப் பார்த்து ஒண்ணு சொல்லிக்குடுங்க, போதும். பேர் விடுற அன்னைக்குப் போர்வையோட வந்துருங்க."

பஸ் புறப்பட்டுப் புழுதி அடங்கியது. ராக்கு சித்தப்பாக்களை நிமிர்ந்து பார்த்தாள். "சித்தப்பா, தம்பிப் பாப்பா முதல்ல என் போர்வையிலதான் படுக்கணும். வேற யாராச்சும் கடையில வாங்கிக் குடுத்துட்டா நான் அழுவேன்."

"அழாதே. கட்டம் பார்க்கிறோம்" என்றார் ஒச்சப்பன்.

மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"கட்டம் பார்க்கிறது யாரு?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"சோசியர்" என்றார் மொக்கைச்சாமி.

"பின்னே நமக்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்கு?" என்றான் சீனி.

சோசியர் கருப்பணன் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். பிள்ளைக்குச் சுலபமான கட்டம் வேண்டும் என்று மூவரும் கேட்டதும், ராக்குவின் ஜாதகத்தைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பன்னிரண்டு கட்டம் போட்டார். ஒன்றில் விரலை வைத்தார்.

"இந்தா, இது காலிக் கட்டம். உள்ளே ஒண்ணுமே இல்லை. ஒரு தொந்தரவும் இல்லை."

மூவரும் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு ஓடிவந்தார்கள். மூட்டையிலிருந்து நல்ல சிவப்புத் துணி ஒன்றை எடுத்து, சவர பிளேடால் நடுவில் சதுரமாக அறுத்தார்கள். அறுத்த துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓட்டையை ராக்குவிடம் கொடுத்தார்கள்.

"இதுதான்மா கட்டம். தைக்கக்கூட வேண்டாம். இப்படியே இருபது முப்பது பண்ணிடலாம்."

ராக்கு ஓட்டை வழியாக அவர்களைப் பார்த்தாள். "பாப்பாவுக்குக் குளிருமே சித்தப்பா."

இதை அவர்கள் யோசித்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டு அமராவதி ஜாக்கெட் தைப்பவள். கல்யாண சீசன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மூவரும் வாசலில் நின்று கேட்டதும், தலையைத் தூக்காமலே பல்லிடுக்கில் பேசினாள்.

"நாலு சதுரம் போதுங்க. ரெண்டு சிவப்பு, ரெண்டு வெள்ளை. சிவப்பு ரெண்டும் எதிரெதிர் மூலையில வரணும், வெள்ளை ரெண்டும் எதிரெதிர் மூலையில வரணும். பிளேடெல்லாம் வேண்டாம், கத்தரி எடுத்து வெட்டுங்க. காதுல நூலைக் கோத்து, ஓரத்துல கால் அங்குலம் விட்டுத் தைங்க. கண்ணை மூடிக்கிட்டே தைக்கலாம், அவ்வளவு சுலபம்."

மூவரும் அதை ஒரு வார்த்தை சிந்தாமல் சுமந்துகொண்டு வந்தார்கள்.

மொக்கைச்சாமி கொல்லைக்குப் போய் நல்ல ஊதாக் கத்தரி ஒன்றைப் பறித்துவந்து துணிமேல் வைத்து அழுத்தினார். துணி வெட்டுப்படவில்லை.

"இளசு. முத்தினது கொண்டு வா" என்றார் ஒச்சப்பன்.

முத்தினதும் வந்தது. துணி முழுக்க விதை ஆனது. ராக்கு உள்ளே போய் அம்மாவின் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து, "இதுவும் கத்தரிதான் சித்தப்பா" என்றாள்.

சீனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இரும்புக் கத்தரி! இது எந்த மண்ணுல விளையுதோ!"

சதுரங்கள் தயாராயின. அதற்குள் ஒச்சப்பன் தம் காதில் நூலைக் கோக்க முயன்று, இந்தக் காதில் போனது அந்தக் காதில் வரவில்லையே என்று கவலையோடு காத்திருந்தார். "மெதுவா வரட்டும். அவசரப்படுத்தாதே" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, மூலை விஷயத்துக்கு வந்தார்.

"வீட்டுக்கு நாலு மூலை. நாம நாலு பேர். ஆளுக்கொரு துணியைப் பிடிச்சுக்கிட்டு மூலைக்கு ஒருத்தரா நிக்கணும்."

நின்றார்கள். எதிரெதிரே சிவப்பு, எதிரெதிரே வெள்ளை. எல்லாம் சரியாக இருந்தது.

"இது கொஞ்சம் பெரிய கட்டமா இருக்கே அண்ணே?" என்று தன் மூலையிலிருந்து கத்தினான் சீனி.

"பிள்ளை வளருமில்ல!" என்று தம் மூலையிலிருந்து கத்தினார் ஒச்சப்பன்.

ராக்குவுக்குக் கால் வலித்தது. தன் துண்டோடு அமராவதி வீட்டுக்குப் போய், "அத்தை, நாலையும் எப்படி ஒட்டுறது?" என்று கேட்டாள். அமராவதி வாயிலிருந்த குண்டூசிகளைத் துப்பிவிட்டுக் காட்டிக்கொடுத்தாள். முதலில் ஒரு சிவப்பையும் ஒரு வெள்ளையையும் சேர்க்கணும். அதேபோல இன்னொரு ஜோடி. பிறகு ஒரு ஜோடியைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டையும் இணைத்துவிட வேண்டியதுதான். ராக்கு திரும்பி வந்து, மூலை மூலையாகப் போய்ச் சித்தப்பாக்களின் கையிலிருந்த துண்டுகளை வாங்கிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். நாக்கு வெளியே வந்துவிட்டது. விரலில் ஊசி குத்தியது. ஒரு தடவை தப்பாகச் சேர்த்து, பிரித்து, மறுபடி தைத்தாள். சாயங்காலத்துக்குள் ஒரு கட்டம் வந்துவிட்டது.

சித்தப்பாக்கள் இன்னும் மூலையிலேயே நின்றார்கள். வெளியே வா என்று யாரும் சொல்லவில்லையே.

அதன்பிறகு ராக்கு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு கட்டம் தைத்தாள். பிள்ளை பிறந்த செய்தி வந்தது. பையன். அன்றைக்கு இரண்டு கட்டம் தைத்தாள். பேர் விடுவதற்கு முந்தின நாள் கட்டங்களையெல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இணைக்க வேண்டும். விரலெல்லாம் காந்தியது.

"கொண்டா இங்கே. இணைக்கிறது பெரியவங்க வேலை" என்றார் ஒச்சப்பன்.

மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அமராவதி என்ன சொன்னா? ஓரத்துல கால் அங்கு..." என்று இழுத்தார் மொக்கைச்சாமி.

"கால் அங்குதான் விடணும்னு சொன்னா" என்று முடித்தான் சீனி. மூவரும் துணியின் ஓரத்துக்கு அடியில் காலை விட்டுக்கொண்டார்கள்.

"கண்ணை?"

"மூடணும்."

தோள் துண்டை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார்கள்.

"சித்தப்பா, கண்ணைத் திறந்துக்கிட்டே தைங்களேன்" என்று கெஞ்சினாள் ராக்கு.

"திறந்தா கஷ்டமான தையல் ஆயிடும்மா" என்றார் ஒச்சப்பன்.

ஒன்று சொல்ல வேண்டும். சாக்கு தைத்துப் பழகிய கைகள். தையல் அவ்வளவு உறுதி. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது கட்டங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அதோடு ஒச்சப்பனின் வேட்டி ஒரு பக்கமும், மொக்கைச்சாமியின் வேட்டி ஒரு பக்கமும், சீனியின் வேட்டி ஒரு பக்கமும் சேர்ந்திருந்தன.

"தையலைப் பிரிச்சுடலாம்" என்றாள் ராக்கு.

ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா சாகும்போது என்ன சொன்னாரு? 'எந்தக் காலத்துலயும் மூணு பேரும் பிரியாதீங்கடா'ன்னு சொல்லலையா?"

தம்பிகள் தலைகுனிந்து ஆமாம் என்றார்கள்.

"வேட்டியையாச்சும் அவுத்துட்டு வேற கட்டிக்கங்க."

"போர்வையோட வரணும்னு மதினி சொல்லியிருக்காங்க. அவுத்துட்டு எப்படிம்மா போர்வையோட வர்றது?"

மறுநாள் காலையில் நடுவில் போர்வையும் மூன்று பக்கமும் மூன்று பேருமாகத் தெருவில் நடந்தார்கள். நாலாவது பக்கத்தை ராக்கு பிடித்துக்கொண்டாள். மாரியம்மன் கோயில் வசூல் என்று நினைத்து எதிர்வீட்டம்மா போர்வைக்குள் அரிசியைக் கொட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் வழிமறித்தார். "இவ்வளவு பெரிய துணியா? லக்கேஜெல்லாம் மேலே."

"துணி மேலே போனா நாங்களும் மேலேதான்" என்று மூவரும் ஏணியில் ஏறினார்கள். ராக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி முழுக்க வெளியே தலையை நீட்டி, "சித்தப்பா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

செல்லத்தாய் வாசலிலேயே பார்த்துவிட்டாள். கொழுந்தன்மாரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். போர்வையைத் தடவினாள்.

"இந்தக் கட்டமெல்லாம் யாரு தைச்சது?"

"நான்" என்றாள் ராக்கு.

"ஒண்ணுகூடக் கோணலையே!"

கடையில் வாங்கிய போர்வைகள் நாலைந்து மூலையில் கிடந்தன. செல்லத்தாய் அவற்றைப் பார்க்கவே இல்லை. பிள்ளையைத் தூக்கி வந்து ராக்குவின் போர்வையில் கிடத்தினாள். மூன்று சித்தப்பாக்களும் மூன்று பக்கமும் மண்டியிட்டு மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பிள்ளை சிவப்பையும் பார்த்தது, வெள்ளையையும் பார்த்தது. காலை ஒரு உதை உதைத்தது. பிறகு நிதானமாக, நடுக்கட்டத்தில், ஒன்றுக்குப் போனது.

ராக்கு சிரித்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. செல்லத்தாய் அதை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பி, போர்வையை அலசிக் கொடியில காயப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிணற்றடியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. மூவரும் போர்வையோடு இறங்கி முங்கி எழுந்தார்கள். பிறகு தென்னைமரங்களுக்கு நடுவே கட்டியிருந்த கொடியில் வயிற்றைக் கொடுத்து, இரண்டாக மடிந்து, வரிசையாகத் தொங்கினார்கள். வீட்டுக்குள் பேர் விட்டார்கள், பாயசம் கொடுத்தார்கள், பந்தி முடிந்தது. மூவரும் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று மணிவாக்கில் வானம் கறுத்தது. பொட்டுப் பொட்டாகத் தூறல் விழுந்தது. செல்லத்தாய் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "தம்பி! மழை வருது! உள்ளே வாங்க!"

சீனி கொடியைவிட்டு இறங்கப் பார்த்தான். ஒச்சப்பன் தொங்கியபடியே அவனை அதட்டினார்.

"சும்மா கிடடா! காயப்போட்ட துணி தானா உள்ளே நடந்து போய் எங்கேயாச்சும் பார்த்திருக்கியா? யாராச்சும் வந்து எடுப்பாங்க."