பிடி வராத பூனைக்குட்டி

சுனையோரத்து அத்தி மரத்தில் சடைச்சி என்றொரு மந்தி இருந்தாள். ஆடிக் காற்று அடித்த ஒரு பகலில், கிளைக்குக் கிளை தாவும்போது, அவள் வயிற்றில் ஒட்டியிருந்த குட்டியின் பிடி நழுவிவிட்டது. கீழே பாறை. அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

குட்டி போன பிறகும் பால் நிற்கவில்லை. மார் கட்டிக்கொண்டு வலித்தது. நாலாம் நாள் தண்ணீர் குடிக்க இறங்கியவளுக்கு, கோரைப் புல்லுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. ஒரு காட்டுப்பூனைக் குட்டி. இரை தேடிப் போன தாய் திரும்பவில்லை. கத்திக் கத்திக் குட்டியின் குரல் நூலாகிவிட்டது.

சடைச்சி அதை எடுத்து மாரில் வைத்தாள். அது குடித்தது.

குட்டி தவிட்டு நிறம். "உனக்குத் தவிடு என்றுதான் பேர்," என்றாள் சடைச்சி. "தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எமன்கூட ஏறெடுத்துப் பார்க்க மாட்டான்."

பத்தே நாளில் தவிடு தேறியது. வயிறு உருண்டது. கண் பளிச்சிட்டது. பால் குடித்து முடித்ததும் அதன் தொண்டைக்குள் சின்ன உலை ஒன்று கொதிக்கத் தொடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே சடைச்சி கண் அயர்வாள்.

ஒரே ஒரு குறை. தவிட்டுக்குப் பிடிக்கத் தெரியவில்லை.

குரங்குக் குட்டி பிறந்த நிமிஷமே தாயின் மயிரைப் பற்றிக்கொள்ளும். தாவுவது தாயின் வேலை. பிடிப்பது பிள்ளையின் வேலை. தவிடோ, தூக்கினால் ஈரத்துணி போலத் தொங்கியது. சடைச்சி அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மிச்சக் கைகாலால் தட்டுத் தடுமாறித் தாவினாள்.

அவள் தங்கை கரிச்சி அடுத்த கிளையிலிருந்து வேடிக்கை பார்த்தாள். "ஏன் அக்கா, நீ வளர்ப்பது பிள்ளையா, மூட்டையா?"

"கொஞ்சம் வளரட்டும். பிடித்துக்கொள்ளும்."

"அடுத்த காற்று வரைக்குமா? கையில் வலு இல்லாத பிள்ளைக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா?"

கரிச்சி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் முள்ளாக ஏறியது. அன்று முதல் தவிட்டின் பளிச்சிடும் கண் சடைச்சிக்குத் தெரியவில்லை. உருண்ட வயிறு தெரியவில்லை. இரண்டு சின்னக் கைகள் மட்டுமே தெரிந்தன.

'பால் மட்டும் போதாது. பிடிக்கென்று தனியாகச் சத்து ஏதாவது கொடுக்க வேண்டும்' என்று முடிவு செய்தாள். காட்டில் யாருக்குப் பிடி நல்ல பிடியோ அவர்களைத் தேடிப் போனாள்.

முதலில் அணில். அது தலைகீழாக இறங்கிவந்து, தலைகீழாகவே நின்று பேசியது.

"அத்திப்பழம்! வேறென்ன? இந்த மரத்திலிருந்து நான் விழுந்து யாராவது பார்த்ததுண்டா?"

"இது பூனைக்குட்டி, அண்ணே."

"நாலு கால், ஒரு வால். எனக்கும் அவ்வளவுதான் இருக்கிறது."

சடைச்சி அத்திப்பழத்தை மென்று, கூழாக்கி, தவிட்டின் வாயில் ஊட்டினாள். அது முகத்தைச் சுளித்தது. மறுநாள் அதன் வயிறு கழிந்தது.

"நல்லது, நல்லது," என்றது அணில். "பழைய பால் வெளியேறுகிறது. பழத்துக்கு உள்ளே இடம் வேண்டாமா?"

அப்படிக் கழிந்துகொண்டிருந்த ஒரு காலையில், மரப்பொந்திலிருந்து ஓர் எலிக்குஞ்சு தவறி, தவிட்டின் முன்னால் விழுந்தது. தவிடு எழுந்தது. குஞ்சின் மேல் ஒரு காலை வைத்து, வாயால் கவ்வியது. அதன் தொண்டையிலிருந்து இதுவரை வராத ஓர் உறுமல் வந்தது.

"சீ! துப்பு!" சடைச்சி எலிக்குஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். இலையால் தவிட்டின் வாயைத் துடைத்தாள். அவள் எறிந்த திசையையே தவிடு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து மரங்கொத்தி. செங்குத்தான மரத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கிற பறவை. மரத்துக்கெல்லாம் தானே வைத்தியன் என்று சொல்லிக்கொள்ளும்.

"வேலம்பிசின் கொடு," என்றது மரங்கொத்தி. "பிசின் தொட்ட இடத்தை விடுமா? பிசின் தின்ற பிள்ளையும் விடாது."

சடைச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. பயந்து போனவர்களுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

"ஆனால் பத்தியம் உண்டு. ஏழு நாள் பால் ஆகாது. பால் உள்ளே போனால் பிசின் கரைந்துவிடும்."

"பாலுக்கு அழுமே, வைத்தியரே."

"அழட்டும். தொண்டைக்கு வலு."

சடைச்சி பிசினைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். தவிடு மாரைத் தேடி வந்தபோது திரும்பி உட்கார்ந்தாள். அது முதுகுப் பக்கம் வந்தது. அவள் மறுபடி திரும்பினாள். மூன்று நாள் அது சுற்றிச் சுற்றி வந்தது. மூன்று நாளும் அவளும் அழுதாள். நாலாம் நாள் அது தேடி வரவில்லை.

"பத்தியத்துக்குப் பழகிவிட்டது," என்று கரிச்சியிடம் சொன்னாள்.

ஏழு நாள் முடிந்ததும் தவிட்டை ஆசையோடு மாரில் வைத்தாள். அது இரண்டு முறை சப்பியது. பிறகு வாயை எடுத்துக்கொண்டது. கேட்காத வாய்க்குப் பால் சுரக்காது. மார் வற்றிவிட்டிருந்தது.

கைகள் இப்போதும் பிடிக்கவில்லை.

மேற்கே காற்று இரைய ஆரம்பித்தது. சடைச்சி தவிட்டை அணைத்துக்கொண்டு கறையான் புற்றில் குடியிருந்த உடும்பிடம் ஓடினாள். உடும்புப்பிடி என்று உலகமே சொல்லுகிற பிடி அல்லவா?

"உடும்பண்ணே, உங்கள் பிடிக்கு என்ன தின்கிறீர்கள்?"

"எலி, நத்தை, முட்டை. கிடைப்பதைத் தின்கிறேன். பிடி அதில் வந்ததில்லை. இந்த நகத்தோடு பிறந்தேன். எதற்குக் கேட்கிறாய்?"

சடைச்சி எல்லாவற்றையும் சொன்னாள். உடும்பு நாக்கை நீட்டித் தவிட்டை முகர்ந்து பார்த்தது.

"இதற்குப் பிடி வேண்டும் என்று யார் சொன்னது?"

"பிடிக்காத பிள்ளை விழுந்துவிடும், அண்ணே. எனக்குத் தெரியும்."

"குரங்குப் பிள்ளை விழும். இது பூனை. இதன் தாய் இந்தப் புற்றைத் தாண்டித்தான் போவாள். குட்டியின் கழுத்துத் தோலைப் பல் அழுந்தாமல் கவ்வித் தூக்குவாள். குட்டி கைகாலை மடக்கிக்கொண்டு சும்மா தொங்கும். அசையாது. உங்கள் இனத்தில் பிடிப்பது பிள்ளை. அவர்கள் இனத்தில் பிடிப்பது தாய். நீ எடுத்துவந்த அன்றைக்கு இதற்கு ஒரு நோயும் கிடையாது. பசிதான். இன்றைக்கும் பசிதான். எலியைக் கிழித்து இதன் வாயில் வை."

"எலியையா? என் பிள்ளைக்கா?" சடைச்சிக்கு உடம்பெல்லாம் கூசியது. "முட்டை திருடுகிற வாயிலிருந்து வேறென்ன வரும்?"

அவள் கோபித்துக்கொண்டு மரத்துக்குத் திரும்பினாள். இன்னும் மூன்று நாள் பிசின் ஊட்டினாள்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் தவிடு தலையைத் தூக்கவில்லை. தேனை நாக்கில் தடவினாள். அது வழிந்து கீழே விழுந்தது. அப்போதுதான் அந்த எலிக்குஞ்சு அவள் நினைவுக்கு வந்தது. தவிடு தனக்காகக் கேட்ட ஒரே ஒரு சோறு. அதை அவளே பிடுங்கி எறிந்திருந்தாள்.

"போதும்," என்றாள். "பழமும் போதும், பிசினும் போதும். வா, கண்ணு, எலி வாங்கித் தருகிறேன்."

குனிந்து, பல் அழுந்தாமல் அதன் கழுத்துத் தோலைக் கவ்வினாள். தவிடு கைகாலை மடக்கிக்கொண்டது. வால் வயிற்றோடு சுருண்டது. தொண்டைக்குள் அந்தச் சின்ன உலை ஒருமுறை கொதித்தது.

சடைச்சி மரத்தை விட்டு இறங்கினாள். அவளுடைய இரண்டு கைகளும் இப்போது அவளுக்கே இருந்தன. இத்தனை எளிதா என்றிருந்தது அவளுக்கு.

"வாயில் என்ன அக்கா?" என்று மேலேயிருந்து கேட்டாள் கரிச்சி. வாய் நிறையப் பிள்ளை. பதில் சொல்ல முடியவில்லை. கண்ணால் சிரித்துவிட்டு ஓடினாள். தவிடு தொங்கியது. அசையவில்லை. அசையாது என்றுதானே உடும்பு சொன்னது? கோரைப் புல் நெடுக அவள் சந்தோஷமாகவே போனாள்.

புற்றின் வாசலில் மெல்ல இறக்கி வைத்தாள்.

"உடும்பண்ணே, எலி இருக்கிறதா? நான் சரியாகத் தூக்கி வந்தேனா, பாருங்கள்."

உடும்பு வெளியே வந்தது. முகர்ந்தது. தவிட்டின் மூக்கருகே நாக்கை நீட்டி மூச்சைத் தேடியது.

"சரியாகத்தான் தூக்கியிருக்கிறாய்," என்றது. எலி எடுக்க அது உள்ளே போகவில்லை.

தவிடு கைகாலை மடக்கியபடியே கிடந்தது.

காற்று காட்டுக்குள் வந்துவிட்டது. சடைச்சி தவிட்டை எடுத்து மாரோடு அணைத்தாள். அதன் சின்னக் கைகளைத் தன் மயிருக்குள் வைத்து, விரல் விரலாக மடக்கிப் பொருத்தினாள். அவை நழுவின. அவள் மறுபடியும் பொருத்தினாள்.

தன் பயத்துக்கு வேண்டிய தீனியைப் பிள்ளையின் வாயில் ஊட்டினால், பயம்தான் வளரும், பிள்ளை வளராது.