கன்றுக்குப் பெயர் வைக்க மூன்று விலைப்புள்ளி

கோணக்கரைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதிப் பிரிவு இழைத்த அநீதிகளை வரிசை பிசகாமல் சொல்லிவிட்டுத்தான் கன்றுக்குட்டிக்கு வருவேன். வரிசை பிசகினால் நிர்வாகம் கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். ஊழியர் சங்கத்துக்காக ஆயுள் முழுவதும் வாசலில் நின்றவனுக்கு இது தெரியும்.

முதல் அநீதி. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் டில்லியில் இருந்தார்கள். ஒரு திட்டத்தின் வசதியை இன்னொரு திட்டம் அனுபவிக்கக் கூடாது என்று அவர்கள் விதி அனுப்பினார்கள். கோழித் திட்டமும் ஆட்டுத் திட்டமும் ஒரே அறையில் இருந்தன. நிதிப் பிரிவு அறையின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டது. மின்விசிறி கோழிப் பக்கம் இருந்தது. அதன் காற்று கோட்டைத் தாண்டுவதாகக் கண்டுபிடித்து, டில்லி அனுமதி வரும்வரை விசிறியை நிறுத்தினார்கள். சித்திரையும் வைகாசியும் இரண்டு திட்டங்களும் சரிசமமாக வியர்த்தன.

இரண்டாவது அநீதி. பணம் கொடுத்தவர் பெயரைக் கருவிகளில் கண்ணில் படும்படி எழுத வேண்டும் என்பது விதி. நுண்ணோக்கியில் கண் படும் இடம் எது என்று ஒரு நாள் முழுக்க விவாதித்து, லென்ஸின் மேலேயே எழுதினார்கள். அதன்பிறகு எந்தக் கிருமியைப் பார்த்தாலும் டில்லிக்காரர் பெயரோடுதான் தெரிந்தது. ஒரு மாணவர் அதைப் புதுவகைக் கிருமி என்று எழுதிப் பட்டமும் வாங்கிவிட்டார்.

மூன்றாவது அநீதி. திட்டம் முடிந்ததும் மிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். மீன் திட்டத்தில் மிஞ்சியது மீன். சாக்கில் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். டில்லியிலிருந்து வந்த ஒப்புகைச் சீட்டை இன்றுவரை அலமாரியில் வைக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நான்காவது அநீதி என்மேல் நடந்தது. மேற்படி மூன்றையும் கண்டித்து வாயிற்கூட்டம் போட்டேன். ஊழியர் ஒவ்வொருவரும் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு நேரம் உழைத்தார் என்று பிரித்துக் காட்ட வேண்டுமாம். நான் போட்ட கோஷங்களில் கோழித் திட்டத்தின் நேரத்தில் போட்டவை எவை, ஆட்டுத் திட்டத்தின் நேரத்தில் போட்டவை எவை என்று கேட்டுக் குறிப்பாணை வந்தது. 'வாழ்க' எல்லாவற்றையும் கோழிக்கு எழுதினேன். 'ஒழிக' எல்லாவற்றையும் ஆட்டுக்கு எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இனி கன்றுக்குட்டி.

நாட்டு மாட்டுப் பாலை ஆராய்வதற்காக டில்லிப் பணத்தில் ஒரு செவலைப் பசு வாங்கியிருந்தார்கள். வரும்போதே சினை. ஐப்பசியில் ஒரு விடியற்காலை அது கன்று போட்டது. பிறந்த கன்றுக்கு அன்றைக்கே சீம்பால் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் தேறாது. பசுவைப் பார்த்துக்கொண்ட பேச்சிமுத்து கன்றைத் துடைத்து மடியில் விடப் போனார். அதற்குள் நிதிப் பிரிவிலிருந்து ஆள் வந்து தடுத்துவிட்டது. திட்டத்தின் பால் திட்டத்துக்குச் சொந்தம், வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் ஒரு பசு என்றுதான் இருக்கிறது. ஆகவே கன்று வெளியாள்.

பேச்சிமுத்து ஈரத் துண்டோடு என்னிடம் ஓடி வந்தார். "அண்ணாச்சி, பச்சப்பிள்ளை பசியில கெடக்கு. கொஞ்சம் வந்து கேளுங்க" என்றார். நான் சங்கத்தின் தோள்துண்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

நிதிப் பிரிவில் மூன்று பேர். நிதி அலுவலர் அம்பலவாணர் நல்ல மனிதர். கையெழுத்துப் போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். கண்காணிப்பாளர் எபனேசருக்கு விதிப் புத்தகம் மனப்பாடம். பொருள் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஒப்பிப்பார். உதவியாளர் மீனலோசனி மற்ற இருவரும் பேசுவதை எழுதிக்கொள்வார். அவர் எழுதி முடித்த பிறகுதான் தாங்கள் என்ன பேசினோம் என்று அவர்களுக்கே தெரியும்.

மூவரும் பசுவின் ரசீதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரசீதில் ஒன்று. தொழுவத்தில் இரண்டு" என்றார் அம்பலவாணர். "விற்றவர் கூடுதலாக ஒன்றை அனுப்பியிருக்கிறார்."

"கூடுதல் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும் சார்" என்றார் எபனேசர். "வந்த பேக்கிங்கிலேயே அனுப்ப வேண்டும்."

பிறகு அம்பலவாணர் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு, கன்றை வந்தபடியே வைத்து அனுப்ப முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"முடியாது ஐயா" என்றார் பேச்சிமுத்து.

"இப்போது முடியாதா, எப்போதுமே முடியாதா?"

"எப்பவுமே முடியாது."

அதை எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். பசு தரப்பிலும் ஒப்புதல் வேண்டும் என்று மீனலோசனி சொன்னதால் குளம்பில் மை தடவி ஒரு பதிவு எடுத்து வந்தார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கன்று எழுந்து நிற்கப் பார்த்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது.

அநீதிக்கு எதிராக நான் குரல் கொடுத்ததும் உத்தரவைக் காட்டினார்கள். 'கன்று பசுவிடம் செல்லக் கூடாது' என்று முத்திரையோடு இருந்தது. துண்டறிக்கை எழுதி எழுதியே படிப்பு வந்தவன் நான். எதையும் இரண்டு முறை படிப்பேன். வெளியே வந்து பேச்சிமுத்துவிடம் பசுவைக் கன்றிடம் ஓட்டிப் போகச் சொன்னேன். அதற்குத் தடை இல்லை. வாசலில் நின்ற காவலாளியும் உத்தரவைப் படித்துப் பார்த்துவிட்டு வழிவிட்டார். கன்று ஒரு வாய்தான் குடித்திருக்கும். எபனேசர் விதியை ஒப்பித்துக்கொண்டே ஓடி வந்தார். 'பசுவும் கன்றிடம் செல்லக் கூடாது' என்று இரண்டாவது உத்தரவு பிறந்தது. கன்றைத் தூணில் கட்டிவிட்டார்கள்.

குடித்த ஒரு வாயை என்ன செய்வது என்று அடுத்த விவாதம். கன்றிடமிருந்து திரும்பப் பெறலாமா என்று அம்பலவாணர் கேட்டார். தானாகத் திரும்ப வரும், ஆனால் பாலாக வராது என்றார் பேச்சிமுத்து.

"வேறு பொருளாக வந்தால் வேறு தலைப்பில் வரவு வைக்க வேண்டும்" என்றார் எபனேசர். காவலாளி கையில் ஒரு வாளியைக் கொடுத்துக் கன்றின் பின்னால் நிறுத்தினார்கள்.

மதியத்துக்கு மேல் எபனேசருக்கே ஒரு வழி தோன்றியது. கன்றைத் திட்டத்தின் சொத்தாகப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், திட்டத்தின் பாலைத் திட்டமே குடித்ததாக ஆகும். அம்பலவாணர் கண்கலங்கிவிட்டார். பேச்சிமுத்து அப்போதே கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"பொறுங்கள்" என்றார் மீனலோசனி. "பதிவேட்டில் முதல் கட்டம் பெயர். பெயர் இல்லாத பொருளை ஏற்ற முடியாது."

"செவலைன்னு எழுதுங்கம்மா" என்றார் பேச்சிமுத்து. "காலையிலேருந்து அப்படித்தான் கூப்பிடுறேன்."

மூவரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒரே ஆளிடம் கேட்டு எதையும் வாங்க முடியாது. எதுவானாலும் மூன்று விலைப்புள்ளி வேண்டும், அரக்கு வைத்த உறையில் வர வேண்டும், குறைந்தது எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும். பெயரில் குறைந்தது எது என்று நான் கேட்டேன். சொத்தின் முதுகில் பெயரை எழுத வேண்டும், பெயின்டர் எழுத்துக் கணக்கில் கூலி வாங்குகிறார், ஆகவே எழுத்து குறைந்த பெயரே குறைந்த விலை என்று எபனேசர் விளக்கினார்.

பேச்சிமுத்து ஒரு உறை கொடுத்தார். நான் ஒன்று கொடுத்தேன். திட்டத்தின் பேராசிரியர் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நின்றபடியே ஒரு உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அரக்கு தேடிப் பிடித்து உருக்க அரைமணி ஆனது. கன்று கத்துவதை நிறுத்திவிட்டது. கட்டை இழுத்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு பசுதான் கத்தியது.

உறை பிரிக்கச் சாட்சிகள் வேண்டும். சாட்சிகளுக்குப் பசுவோடு எந்த உறவும் இருக்கக் கூடாது. கேன்டீன்காரர் உறுதிமொழி எழுதும்போது, இந்தப் பசுவின் சித்தியிடம் முன்பு பால் வாங்கியதாக ஒப்புக்கொண்டார். அவரை நீக்கிவிட்டு, தோட்டக்காரரையும் தபால்காரரையும் தொழுவத்தில் உட்கார வைத்தார்கள். பேச்சிமுத்து தூணருகே நின்றார். அவர் விரல் முடிச்சின் மேல் இருந்தது. பெயரைச் சாட்சிகள் காதில் விழும்படி வாசித்ததும் அவிழ்ப்பதாக ஏற்பாடு.

முதல் உறையில் 'புரட்சிக்கொடி' என்று இருந்தது. அது என்னுடையது. ஏழு எழுத்து. அம்பலவாணர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது உறையில் 'செவலை'. மூன்று எழுத்து. பேச்சிமுத்து முடிச்சை இளக்கினார்.

மூன்றாவது உறையைப் பிரித்தார்கள். பேராசிரியர் அவசரத்தில் வெள்ளைத் தாளை எழுதாமலேயே மடித்து வைத்திருந்தார்.

அம்பலவாணர் தாளைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எபனேசரிடம் கொடுத்தார்.

"உறை நேரத்துக்கு வந்திருக்கிறது" என்றார் எபனேசர். "அரக்கு சரியாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சுத்தமான விலைப்புள்ளியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை."

"எத்தனை எழுத்து?" என்றார் அம்பலவாணர்.

மீனலோசனி பேனா முனையால் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எண்ணிக்கொண்டு போனார். "எழுத்தே இல்லை சார்" என்றார்.

"அப்படியானால் பெயின்டர் கூலியும் இல்லை." அம்பலவாணருக்கு முகம் மலர்ந்தது. தொழிலாளியின் பெயரும் தொழிலாளர் தலைவனின் பெயரும் ஒரே நொடியில் தோற்றன. இதை நான் ஐந்தாவது அநீதியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

அம்பலவாணர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணாடியை மாட்டினார். தாளை இரண்டு கையாலும் பிடித்து, கன்றின் பெயரைச் சாட்சிகள் முன்னிலையில் வாசித்தார். தொழுவம் முழுக்க நிசப்தமாக இருந்தது. தோட்டக்காரர் 'கேட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தபால்காரர் பேனாவை வாங்கவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாதவர்.

"மன்னிக்கணும் சார்" என்றார். "நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கேன். எனக்குச் சரியா கேக்கலை."

அம்பலவாணர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த முறை இன்னும் சற்று உரக்க வாசித்தார். கன்று தலையைத் திருப்பிப் பார்த்தது.